மற்றப் பிள்ளை

வருத்தக்காரப் பிள்ளைகளுக்காகப் பேச இங்கே வைத்தியர்கள் இருக்கிறீர்கள். நான் அந்தப் பிள்ளையோடு ஒரே பாயில் படுத்து வளரும் மற்றப் பிள்ளைக்காகப் பேச வந்தேன்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலேயே சலரோகம். முதலாம் வகை. இனிப்புத் தின்று வந்ததல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. ஊசி இல்லையென்றால் உயிர் இல்லை. 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் 14 வயது லெனாட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றும்வரை, இப்படியான பிள்ளையை எந்தத் தாயாலும் நெடுநாள் காப்பாற்ற முடிந்ததில்லை.

இன்சுலினை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்கச் சொல்வார்கள். எங்கள் வன்னி வீட்டில் அன்று கரண்டே இல்லை. பானைக்குள் ஈரமணல் பரப்பி, அதில் சின்ன முட்டியைப் புதைத்து, அதற்குள் குப்பியை வைப்பா அம்மா. அந்தக் குளிர் பானைக்கு வராது. ஆனாலும் வெக்கையில் மருந்து கெடாமல் பார்த்துக்கொண்டது. மணல் காயாமல் தண்ணீர் தெளிப்பது என் வேலை. போரில் 2006 ஓகஸ்டில், வன்னிக்கு மருந்து வரும் ஏ-9 பாதை பூட்டிய பிறகு, நகையைவிட அந்தக் குப்பியைத்தான் பொத்திக் காத்தோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்தபோது பானை என் இடுப்பில் இருந்தது.

2009 பெப்ரவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளனில் நோயாளரை ஏற்றியது. தம்பியோடு அம்மா போனா. நான் அப்பாவோடு கரையில் நின்றேன். சுகமான பிள்ளைக்குக் கப்பலில் இடமில்லை. அது நியாயந்தான். ஆனால் அந்த நியாயத்தை எனக்கு ஒருவரும் விளக்கவில்லை.

தம்பிக்கு இரத்தத்தில் சீனி இறங்கப்போவதை அம்மாவுக்கு முன்னமே நான் அறிவேன். வியர்வையும் நடுக்கமும் பிறகுதான் வரும். முதலில் காரணமில்லாமல் என்னோடு சண்டை பிடிப்பான். இதை எந்தக் கிளினிக்கிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. வெளியில் வாங்கிலில் இருக்கச் சொன்னார்கள். தம்பியின் வருத்தம் எனக்கும் தொற்றுமோ என்று பயந்தேன். தொற்றினால் அம்மா என்னையும் மடியில் வைத்திருப்பா என்றும் ஆசைப்பட்டேன். இரண்டையும் ஒரே இரவில் நினைத்திருக்கிறேன்.

வைத்தியர்களே, அடுத்த கிளினிக்கில் அக்காவையோ அண்ணாவையோ உள்ளே கூப்பிடுங்கள். இது தொற்றாது, உன்னால் வந்ததுமில்லை என்று வாய் திறந்து சொல்லுங்கள். சீனி இறங்கினால் என்ன கொடுப்பது என்று காட்டிக்கொடுங்கள். பிறகு, வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.