அம்மாயி நட்ட பலாமரங்கள்



மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், அலுவிகாரையைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் பலாபத்வல வரும். கொக்கோவும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் செழிக்கும் பூமி. அங்கே 1924ஆம் ஆண்டு பிறந்து, 2015ஆம் ஆண்டு தமது 91ஆவது வயதில் கண்மூடிய என் அம்மாயியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவர் ஊரறிந்தவர் அல்லர். பள்ளிக்கூட வாசலையும் மிதித்ததில்லை. கொக்கோக் காய் பறித்தும் இறப்பர் பால் வெட்டியும் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். விடியற்காலையில், பிரட்டுக்குப் போகுமுன், லயத்தின் பின்புறம் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எந்தக் கொடி வாடியிருக்கிறது, எந்தக் கன்றில் புழு விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அவருக்குத் தேநீர். "மரத்துக்கு வாயில்ல, நாமதான் போய்க் கேக்கணும்" என்பார்.

அவரது பாட்டி தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் கரையிறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவராம். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்த வடபாதையில் நடந்தவர்களில் நோயிலும் பசியிலும் மாண்டவர் பலர். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், பாதையோரத்து மர நிழல்தான் பாட்டியைக் காப்பாற்றியது என்று அம்மாயி முடிப்பார். மரத்தின்மேல் அவருக்கிருந்த பற்று அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்தால் ஒரு பலாக்கொட்டையை ஊன்றுவது அவர் வழக்கம். ஊர்ப் பெயரின் வேர் எதுவாகவும் இருக்கட்டும். அம்மாயிக்கு பலாபத்வல என்றால் பலா ஊர்தான். முதலாம் உலகப் போருக்குப் பின் நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்திய ஆர்தர் வீ. டயஸை மக்கள் 'கொஸ் மாமா' என்று அன்போடு அழைத்தனர். கொஸ் என்றால் சிங்களத்தில் பலா. அம்மாயி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. இரண்டாம் உலகப் போரில் அரிசி பங்கீட்டுக்கு வந்தபோது, அவித்த பலாக்கொட்டை பசியாற்றியதை மட்டும் அவர் அறிவார்.

நேயர்களே, இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், அம்மாயி போன்ற இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. மூன்றே ஆண்டுகளில், 1951இல், மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அனுமதியின்றிப் பலாமரத்தை வெட்டலாகாது என்றானது. நட்ட மரத்துக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. நட்டவளுக்கு நாடு இல்லை.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவோம் என்று மனிதரைக் கணக்கிட்டுப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில், கலியாணமாகியிருந்த என் பெரியம்மா குடும்பத்தோடு எழுபதுகளில் தலைமன்னார் கப்பலேறி கூடலூர்ப் பக்கம் போய்விட்டார். அம்மாயி அழுததை யாரும் பார்க்கவில்லையாம். ஆனால் அன்றிலிருந்து பெரியம்மாவின் பலாமரத்தடியில்தான் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். பெரியம்மாவின் கடிதங்களில் எல்லாருடைய சுகத்தையும் விசாரித்த பின், கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "என் மரம் காய்த்ததா?"

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்தான் அம்மாயி இந்நாட்டுப் பிரஜையானார். அப்போது அவருக்கு வயது 79. செய்தி சொன்னபோது கொத்தமல்லிப் பாத்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "அப்ப, இத்தன நாளா நான் எங்க இருந்தேனாம்?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அண்மையில், பெரியம்மா மரத்தின் கிளையொன்று கூரைமேல் சாய்ந்தது. மரத்தையே எடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்செழுந்தது. அனுமதிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். "எங்கள் காணியிலுள்ள பலாமரம்" என்று தொடங்கியபோது பேனா நின்றுவிட்டது. அந்தக் காணிக்கு எங்களிடம் உறுதி இல்லை. நான்கு தலைமுறை வாழ்ந்த மண். ஒரு துண்டு நிலமும் எங்கள் பெயரில் இல்லை. மலையகத்தில் பல குடும்பங்களின் நிலை இன்றும் இதுதான்.

கடதாசியை மடித்து வைத்துவிட்டேன். சாய்ந்த கிளையை மட்டும் தறித்தோம். மரம் நிற்கிறது.

இயற்கையை நேசிப்பது ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அம்மாயிக்கு ஓய்வே இருந்ததில்லை. தமக்குச் சொந்தமில்லாத மண்ணில், ஏழெட்டு ஆண்டு கழித்துக் காய்க்கப்போகும் விதையை ஊன்றினார். நாளை தம்மை அனுப்பிவிடுவார்களோ என்றிருந்த காலத்திலும் ஊன்றினார். நான் இங்கேதான் இருப்பேன் என்று சொல்ல, எழுத்தறியாத அவருக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்தது.

இவ்வாண்டு அந்த மரத்தில் நிறையக் காய்கள். கூடலூருக்கு எழுதியிருக்கிறேன்.