கீழமிழும் தட்டுகள்



ஒரு சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால், அது குறிக்கும் பொருளின் இயல்பும் விளங்கும். நிலவியலார் வழங்கும் ‘சப்டக்‌ஷன்’ என்பது இலத்தீன் மொழி வழி வந்த சொல். ‘சப்’ என்றால் கீழ்; ‘டூக்கரெ’ என்றால் அழைத்துச் செல்லுதல். தமிழில் இதனைக் கீழமிழ்தல் என்கிறோம்.

ஆல்ப்ஸ் மலைகளை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து அறிஞர் ஆந்திரே ஆம்ஸ்டுட்ஸ் 1951-இல் இச்சொல்லை நிலவியலில் வழங்கினார். பூமியின் மேலோடு பல தட்டுகளாய் நகர்கின்றது என்னும் கொள்கை 1960-களின் இறுதியில் வேரூன்றியது. ஒரு தட்டு மற்றொன்றின்கீழ்ச் செல்வதைக் குறிக்க அன்று இச்சொல்லே பொருத்தமாய் அமைந்தது.

நீரில் இட்ட கல்லைப்போல் தட்டு நேரே மூழ்குவதில்லை, சரிந்து செல்கின்றது. குளிர்ந்து கனத்த கடலடித்தட்டின் முன்பகுதி, தன் எடையால் பின்பகுதியையும் இழுத்துச் செல்கின்றது. ஆயினும் இரு தட்டுகளும் உரசுமிடத்தில் அவை நெடுங்காலம் பிணைந்து நிற்பதுண்டு. அப்போது இறுக்கம் பெருகுகின்றது. பிணைப்பு அறும்போது நிலம் அதிர்கின்றது.

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்தது இதுவே. சுமத்திராவின் அருகே, இந்தியத் தட்டு பர்மாத் தட்டின்கீழ்ச் செல்லும் எல்லையில், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளம் பிளவுற்றது. கடலடி உயர்ந்தது, கடலும் எழுந்தது. பேரலை தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமிருந்தும் கரையிலிருந்தோர்க்குச் செய்தி எட்டவில்லை, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னரே, 2007-இல், ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அமைந்தது.

தட்டின் நகர்வை நம்மால் தடுக்க இயலாது. அதனை அறிந்து, உரிய நேரத்தில் விலகி உயிர் காத்தல் இயலும். இச்சொல்லைக் கற்பதன் பயன் அதுவே.