குப்பையிற் கிடக்கும் பொன்



நிலத்தை அகழ்ந்து பொன் எடுப்பது பழந்தொழில். கழித்தெறிந்த கருவிகளிலிருந்து பொன் எடுப்பது இக்காலத் தொழில். கைத்தொலைபேசியினுள்ளும் கணினியினுள்ளும் மின் இணைப்பு முனைகளுக்குப் பொன்முலாம் பூசப்படுகின்றது. களிம்பேறாத அதன் இயல்பே இதற்குக் காரணம். வெள்ளியும் செம்பும் அங்கே உள.

இவற்றின் பயனை உலகறியச் செய்தவர் யப்பானியர். தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களைப் பழங்கருவிகளைக் கொண்டே ஆக்கத் துணிந்த அவர்கள், 2017 ஏப்பிரல் முதல் 2019 மார்ச் வரை நாடெங்கும் அவற்றைத் திரட்டினர். ஏறத்தாழ 79,000 தொன் சிறு கருவிகள் சேர்ந்தன. மக்கள் கொடுத்த கைத்தொலைபேசிகள் மட்டும் 62 இலட்சம். கிடைத்த பொன் 32 கிலோகிராம். வெள்ளி சுமார் 3,500 கிலோகிராம். 2021ஆம் ஆண்டு நடைபெற்ற போட்டிகளில் வீரர் அணிந்த பதக்கங்கள் இவற்றால் ஆனவையே.

இக்கணக்கு உணர்த்துவது யாது? ஒரு கருவியிலுள்ள பொன் அற்பம். பலர் கொடுத்து ஓரிடத்திற் சேர்ந்தாலன்றி அது பயன்படாது. வீட்டு இழுப்பறையில் உறங்கும் கருவி ஒருவருக்கும் உதவுவதில்லை.

சேர்த்தபின் பிரிக்கும் முறையும் செவ்விதாதல் வேண்டும். நல்ல ஆலைகளில் சுற்றுப்பலகைகளை உலையிலிட்டு உருக்குவர். உருகிய செம்பு பொன்னையும் வெள்ளியையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பின்னர் மின்பகுப்பினாற் செம்பைத் தூய்மையாக்கும்போது, அவை தொட்டியின் அடியிற் சேறாகப் படியும். நச்சுப்புகை வெளியேறாதவாறு வடிகட்டப்படும்.

சீனாவின் குவாங்டொங் மாகாணத்துக் குய்யூ என்னும் ஊரிலோ, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது வேறு. செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரித்தனர். பொன்னுக்காகப் பலகைகளை அமிலத்தில் ஊறவைத்தனர். ஆங்கு வாழ்ந்த சிறுவரின் குருதியில் ஈயம் அயலூர்ச் சிறுவரினும் மிகுதியாக இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பொன் ஒருவர் கைக்குப் போக, நஞ்சு குழந்தைகளின் உடலிற் சேர்ந்தது. பின்னர், 2015ஆம் ஆண்டளவில், அவ்வூர்ப் பட்டறைகள் தனித் தொழிற்பேட்டைக்கு மாற்றப்பட்டன.

2022ஆம் ஆண்டில் உலகம் கழித்த மின்கருவிகள் 6 கோடியே 20 இலட்சம் தொன் என்பது ஐக்கிய நாடுகளின் கணிப்பு. முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்பயனுக்கு வந்ததாகப் பதிவானது அதில் காற்பங்கிற்கும் குறைவே.

ஆதலின் நேயர்களே, பழங்கருவியை நெருப்பிலிடுதல் தகாது. நாட்குப்பையோடு கலத்தலும் ஆகாது. அதனை உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைத்தலே முறை. அதிக விலை தருவோர் யார் என வினவுமுன், அதனை எங்ஙனம் பிரிப்பர் என வினவுதல் நன்று.