படியளப்பவரும் மதிப்பிடுபவரும்



கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஈடாக வரும் சொத்துக்கு உள்ளது உள்ளபடி மதிப்பு எழுதுவது எத்தனை கடினம் என்று அறிந்தவர் அவர் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அதனால்தான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் சொத்து மதிப்பீட்டாளர்களையும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களையும் நெறிப்படுத்த முயன்ற கதை இது.

வீட்டுக்கு மதிப்புப் போடுவது ஒரு வேலை. இந்த நோயாளிக்கு இந்த அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவு சொல்வது முற்றிலும் வேறு வேலை. ஆனாலும் இரண்டையும் பற்றி வரும் மசோதாக்கள் ஒரே கேள்வியின் முன்னால் போய் நிற்கின்றன. முடிவு சொல்பவருக்குப் படியளப்பவர் யார்? அந்த முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தால் படியளப்பவருக்கு லாபம்?

மாநிலங்கள் இதில் எப்படி வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். நம் நாட்டில் காப்பீடு, அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் 47-ஆவது இனம். மாநிலச் சட்டப்பேரவைக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். காப்பீட்டு ஒப்பந்தம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1869-இல் சொன்னது. 1944-இல் அதே நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டபோது மாநிலங்கள் பதறிப்போயின. மறு ஆண்டே காங்கிரஸ் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டத்தை இயற்றி, காப்பீட்டு மேற்பார்வையை மாநிலங்களிடமே விட்டுவிட்டது.

அந்த மேற்பார்வைக்குச் சட்டம் எழுதுபவர்கள் யார் என்று பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கீழவையில் 400 பேர். இரண்டாண்டுப் பதவிக்காலம் முழுமைக்கும் அவர்களுக்கு ஊதியம் 200 டாலர். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டாண்டுக்கு ஒரு முறை, 140 நாட்களுக்கு மிகாமல் நடக்கிறது. எதிரே காப்பீட்டு நிறுவனங்களின் பக்கம் கணக்கீட்டு நிபுணர்களும் முழுநேர வழக்கறிஞர்களும் வந்து அமர்கிறார்கள். பலம் சமமில்லை. இருந்தும் இந்தப் பகுதிநேர உறுப்பினர்களை நான் மதிக்கிறேன். வேறு தொழில் பார்த்துப் பிழைப்பவர் வீட்டுக் கடனுக்கும் மருத்துவமனைக்கும் தாமே அலைந்திருப்பார். அந்த அலைச்சல் தரும் அறிவை எந்த நிபுணர் அறிக்கையும் தராது.

மதிப்பீட்டாளர் கதைக்கு வருகிறேன். 1980-களில் அமெரிக்காவின் சேமிப்பு–கடன் சங்கங்கள் சரிந்தன. 1986 முதல் 1995 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் மூழ்கின. வரி செலுத்துவோர் தலையில் விழுந்த சுமை சுமார் 12,400 கோடி டாலர். காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஊதிப் பெருக்கிய சொத்து மதிப்பு. வெற்று நிலத்தையும் முடியாத கட்டடத்தையும் காட்டி, கேட்ட எண்ணை வாங்கி, அதன் மேல் கடன் கொடுத்திருந்தார்கள். அன்று பெரும்பாலான மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் மதிப்பீட்டாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள முடிந்தது. ஆகவே 1989-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. மத்திய அரசு சம்பந்தப்பட்ட கடன்களுக்கு மதிப்புப் போடுபவர் மாநில உரிமமோ சான்றிதழோ பெற்றிருக்க வேண்டும். படிப்பு, பயிற்சி, தேர்வு, தொழில் நெறி எல்லாம் வந்தன. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் அதற்கேற்பத் தன் சட்டத்தை எழுதிக்கொண்டது.

பிறகு என்ன ஆயிற்று? பதினைந்து ஆண்டுகள் கழித்து, உரிமம் வாங்கிய, தேர்வு எழுதிய அதே மதிப்பீட்டாளர்களின் கையெழுத்தோடு மறுபடியும் ஊதிய மதிப்புகள் வந்தன. 2008 நெருக்கடிக்கு இட்ட விறகுகளில் அதுவும் ஒன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். மதிப்பீட்டாளர்களில் பெரும்பாலோர் தனியாளாகவோ ஓரிரு உதவியாளர்களோடோ தொழில் செய்பவர்கள். வீடு வாங்குபவர் கட்டணத்தைக் கொடுத்தாலும் வேலையைக் கொடுப்பவர் கடன் தரகரோ கடன் நிறுவனமோதான். கடன் முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன். விற்பனை விலைக்குக் கீழே மதிப்பு வந்தால் கடன் நின்றுபோகும். அப்போது தொலைபேசி வரும். இந்த எண் வந்தால் நல்லது, வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். மறுத்தவருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது. இதைச் சொல்லி மதிப்பீட்டாளர்களே ஒரு மனு சுற்றுக்கு விட்டார்கள். 2000 முதல் 2007 வரை சுமார் 11,000 பேர் அதில் கையெழுத்திட்டார்கள் என்றும், நேர்மையானவர்களைக் கறுப்புப் பட்டியலில் வைக்கிறார்கள் என்பது அவர்கள் புகார் என்றும் நிதி நெருக்கடி விசாரணை ஆணையத்தின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. தாங்கள் நேர்மையாக இருக்கச் சட்டத்தின் துணை வேண்டும் என்று ஒரு தொழிலைச் சேர்ந்த பதினோராயிரம் பேர் கெஞ்சியிருக்கிறார்கள். அந்த மனுவைத் தலைநகரம் காதில் போட்டுக்கொள்ளாததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

உரிமம் அவர்களுடைய திறமையைச் சோதித்தது. அவர்களிடம் பற்றாக்குறையாக இருந்தது திறமை அல்ல. வேலை கொடுப்பவரின் கையைக் கட்டாமல், எண்ணை எழுதுபவரின் தகுதியை மட்டும் சட்டம் சோதித்துக்கொண்டிருந்தது.

திருப்பம் ஒரு மாநிலத்திலிருந்துதான் வந்தது. 2007 நவம்பரில் நியூயார்க்கின் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ கூமோ, ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தின் மீதும் அதன் மதிப்பீட்டுப் பிரிவின் மீதும் வழக்குத் தொடுத்தார். வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியின் அழுத்தத்துக்கு அவர்கள் இடம் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதைத் தொடர்ந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டு, 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கடன் தரகர் இனி மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 2010-இன் டாட்–ஃபிராங்க் சட்டம் மதிப்பீட்டாளரின் அந்தச் சுதந்திரத்தை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது.

மதில் எழுப்பியதும் அதன் மேல் வேறொருவர் ஏறி அமர்ந்தார். வங்கிக்கும் மதிப்பீட்டாளருக்கும் நடுவே மதிப்பீட்டு மேலாண்மை நிறுவனங்கள் பெருகின. வீடு வாங்குபவர் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கை அவை எடுத்துக்கொள்ள, களத்துக்குப் போய் அளவெடுப்பவருக்கு மிச்சம்தான் போயிற்று. குறைந்த கூலிக்கு, குறைந்த நேரத்தில், தூரத்து ஊரிலிருந்து வந்தவர் எழுதும் மதிப்பு எப்படி இருக்கும்? ஆகவே மாநிலச் சட்டமன்றங்கள் இந்த நிறுவனங்களின் பக்கம் திரும்பின. மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும், குறித்த நாட்களுக்குள் கட்டணம் தர வேண்டும், காரணம் எழுதாமல் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்று பல மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. இவைதான் நல்ல சட்டங்கள் என்பது என் கருத்து. மேலுக்குப் பார்த்தால் தொழிலாளர் சட்டம் போல இருக்கும். உண்மையில் காப்பது கடன் வாங்குபவரை.

யாருக்கும் அஞ்சாத மதிப்பீட்டாளரும் அநீதி செய்யலாம். கலிஃபோர்னியாவின் மரின் சிட்டி, இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளத்துக்கு வந்த தொழிலாளர்களின் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர். அங்கே ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டுக்கு 9,95,000 டாலர் மதிப்புப் போட்டார் ஒருவர். சில வாரங்களில் அவர்கள் தங்கள் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, வெள்ளையினத் தோழி ஒருவரை வீட்டுக்காரராக நிற்கவைத்தபோது, இன்னொருவர் போட்ட மதிப்பு 14,82,500 டாலர். வீடு அதே வீடு. கலிஃபோர்னியா 2021-இல் ஏபி 948 என்ற சட்டத்தால் மதிப்பீட்டாளர்களுக்குப் பாரபட்சம் பற்றிய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பயிற்சியை நான் பெரிதாக நம்பவில்லை. சந்தேகம் எழுந்தால் இன்னொருவரைக் கொண்டு மறுபார்வை கேட்கும் உரிமையைத்தான் நம்புகிறேன்.

மருத்துவக் காப்பீட்டுக்குள் நுழைவதற்கும் அதுவே வழி. இங்கே தீர்ப்புச் சொல்பவரை யாரும் மிரட்ட வேண்டிய தேவையே இல்லை. மருத்துவர் ஒரு ஸ்கேனோ மருந்தோ எழுதுகிறார். அதற்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். நிறுவனத்தின் சம்பளத்தில் இருக்கும் பரிசீலகர் தேவையில்லை என்று எழுதினால், பிரீமியமாக ஏற்கனவே வாங்கிய பணம் நிறுவனத்திடமே தங்கும். நிறுவனங்களின் வாதத்திலும் உண்மை உண்டு. தேவையற்ற சிகிச்சைகள் நடக்கத்தான் செய்கின்றன, அவற்றின் செலவு எல்லோருடைய பிரீமியத்திலும்தான் ஏறுகிறது. அதற்காகத் தராசைச் சரக்கு வாங்குபவரிடமே கொடுத்துவிட முடியாது.

மாநிலங்கள் பல வழிகளில் முயன்றிருக்கின்றன. ரோட் ஐலண்டு 2004-இல் மருத்துவக் காப்பீட்டுக்கென்றே தனி ஆணையரை ஏற்படுத்தியது. அந்த அலுவலகம் பிரீமியத்தைச் சரிபார்ப்பதோடு நிற்கவில்லை. முதன்மை மருத்துவத்துக்கு நிறுவனங்கள் செலவிடும் பங்கை ஆண்டுக்கு ஒரு சதவீதப் புள்ளி உயர்த்த வேண்டும் என்று 2010 முதல் ஐந்தாண்டுகளுக்கு விதித்தது. டெக்சாஸ் 2021-இல், ஒரு சிகிச்சைக்குக் கேட்ட அனுமதிகளில் 90 சதவீதமாவது பெற்ற மருத்துவருக்கு அதன்பின் அனுமதியே தேவையில்லை என்றது. கணினி நிரல் மட்டுமே பார்த்து சிகிச்சையை மறுக்கக் கூடாது, தகுதியுள்ள மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவின் எஸ்பி 1120 சொல்கிறது. 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இவை எல்லாம் ஒரு சுவரில் போய் முட்டுகின்றன. 1974-இல் தொழிலாளர்களின் ஓய்வூதியத்தைக் காக்க இயற்றிய எரிசா என்னும் மத்தியச் சட்டம், தன் ஊழியரின் மருத்துவச் செலவைத் தானே ஏற்கும் முதலாளியின் திட்டத்தை மாநிலக் காப்பீட்டுச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டது. வேலை வழியாகக் காப்பீடு பெறும் தொழிலாளர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இத்தகைய திட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் அட்டையிலும் பெரும்பாலும் அதே காப்பீட்டு நிறுவனத்தின் பெயர்தான். சட்டம் மட்டும் வேறு. சிகிச்சை மறுப்பால் தீங்கு நேர்ந்தால் நிறுவனத்தின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க டெக்சாஸ் 1997-இல் வழி திறந்தது. வேலை வழிக் காப்பீட்டில் இருப்போருக்கு அந்த வழி எரிசாவால் அடைபட்டது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு கதவு மட்டும் திறந்தது. மறுக்கப்பட்ட சிகிச்சையை நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத வெளி மருத்துவர் மறுபார்வை செய்ய வேண்டும் என்ற இல்லினாய் மாநிலச் சட்டம், 2002-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றத்தில் பிழைத்தது. 2010-இன் மருத்துவச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையை நாடெங்கும் பரப்பியது. ஒரு மாநிலத்தின் மசோதா நாட்டின் சட்டமாக வளர்ந்த பெருமை அது.

ஆனால் அதைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? அந்தச் சட்டத்தின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கிய திட்டங்களில், மறுக்கப்பட்ட கோரிக்கைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட நிறுவனத்தின் உள் மேல்முறையீட்டுக்குப் போவதில்லை என்று கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் காட்டுகிறது. வெளி மறுபார்வை அதற்கும் அடுத்த படி. நோயில் கிடப்பவரிடம் படிவம் கேட்டால் வேறென்ன நடக்கும்? முதியோருக்கான மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டத்தில், உள் மேல்முறையீட்டில் நிறுவனம் தன் மறுப்பை உறுதி செய்தவுடன் அந்தக் கோப்பு தானாகவே வெளி மறுபார்வைக்குப் போகிறது. அதற்கு நோயாளி தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மாநிலச் சட்டமன்றங்கள் தங்கள் கைக்கு எட்டிய திட்டங்களுக்காவது இதை எழுதிவைக்க வேண்டும்.

எட்டாத திட்டங்களுக்கு ஒரு திருத்தம் காங்கிரஸிலிருந்துதான் வர வேண்டும். முதலாளி தானே செலவை ஏற்கும் திட்டங்களில் இன்று மறுபார்வை அமைப்புகளைத் திட்டமே ஒப்பந்தம் செய்துகொள்கிறது. குறைந்தது மூன்று அமைப்புகள், சுழற்சி முறையில் வேலை என்பது விதி. மூன்றுக்கும் கூலி அதே கையிலிருந்துதான் போகிறது; அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அதே கை. பதினோராயிரம் மதிப்பீட்டாளர்கள் மனுவில் எழுதிய நிலைமை இதுவேதான். மறுபார்வை செய்பவரை நியமிப்பது பொது அதிகாரியாக இருக்கட்டும், கூலி எல்லாத் திட்டங்களிடமும் வரியாகத் திரட்டிய பொது நிதியிலிருந்து போகட்டும்.