பால் பொங்கும் நேரம்

(‘வானிலை அறிவிப்பை நம்பலாமா, நம்பக் கூடாதா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘நம்பலாம்’ அணியில் பேசியது)



எதிரணித் தம்பி கேட்டார்: “2024 அக்டோபர் 16-ல சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தாங்க. ஜனங்க காரையெல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில கொண்டுபோய் நிறுத்தினாங்க. அன்னிக்குப் பெருமழையைக் காணோமே!” நீங்களும் கை தட்டினீர்கள். அதே தம்பி அடுத்த மூச்சில், “2021 டிசம்பர் 30-ல ரெட் அலர்ட் வர்றதுக்குள்ள சென்னையே வெள்ளக்காடாப் போச்சு” என்றார். ஆக, சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். மாமியார் வீட்டுக்குப் புதுசாப் போன மருமகள் மாதிரி இருக்கிறது வானிலைக்காரர் நிலைமை! (சிரிப்பு)

ஏன் இப்படி ஆகிறது? தாய்மார்களுக்குச் சொன்னால் உடனே புரியும். அடுப்பில் பால் வைக்கிறீர்கள். பொங்கும் என்று தெரியும். எப்போது என்றுகூட ஏறக்குறையத் தெரியும். முதல் குமிழி பாத்திரத்தில் எந்த இடத்தில் கிளம்பும்? சொல்லுங்கள் பார்ப்போம்! (கைதட்டல்)

கடற்கரை இடிமழை அந்தக் குமிழிதான். ஆடி, ஆவணியில் பகலெல்லாம் சென்னையில் தரை கொதிக்கிறது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைகிறது. மேற்கேயிருந்து இன்னொரு காற்று வருகிறது. இரண்டும் முட்டுகிற இடத்தில் ஈரக்காற்று மேலே எழும்பி இடிமேகமாகிறது. இந்தத் தெருவில் கொட்டும். அடுத்த தெருவில் கொடியில் துணி காயும்! இதை மூன்று நாள் முன்னால் தெருப்பெயரோடு சொல் என்றால் யாரால் முடியும்? அதனால்தான் அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று தனி அறிவிப்பு தருகிறார்கள். மழை எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கம் நகர்கிறது என்று டாப்ளர் ராடார் நிமிடக் கணக்கில் பார்த்துச் சொல்கிறது.

புயல் கதை வேறு. அது கல்யாண ஊர்வலம். மேளச் சத்தம் தூரத்திலேயே கேட்டுவிடும். செயற்கைக்கோள் பல நாள் முன்பே காட்டிவிடும்.

நடுவர் அவர்களே, ஒரே ஒரு கணக்கு. 1999-ல் ஒடிசாக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். 2013-ல் அதே கரைக்கு ‘பைலின்’ வந்தது. அதுவும் லேசுப்பட்ட புயல் இல்லை. சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. புயலா கருணை காட்டியது? சொன்னார்கள், கேட்டார்கள், பிழைத்தார்கள்! (பலத்த கைதட்டல்)

சிவப்பு எச்சரிக்கை என்றால் ‘நீ மூழ்கியே தீருவாய்’ என்று சாபமா? இல்லைங்க. ‘20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும், உடனே காரியத்தில் இறங்கு’ என்று பொருள். மழை ஏமாற்றினால் மேம்பாலத்தில் நிறுத்திய காரை மறுநாள் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். “போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க” என்று சிரித்துவிட்டுக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால், கரையில் நிற்கும் அவர் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

நாலு நாள் பால் பொங்கவில்லை என்பதற்காக அடுப்பைப் பார்க்காமல் எந்தத் தாயும் எழுந்து போவதில்லை. அந்தப் புத்தி நமக்கும் வேண்டும். எனவே, வானிலை அறிவிப்பை நம்பலாம், நம்பத்தான் வேண்டும் என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.