மின்தொழில் பழகும் முறை



கேரளத்தில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் எல்லைப் பகுதிகள் இரண்டினைக் குறித்து இன்று பேசக் கருதுகிறோம். ஒன்று, பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கேயுள்ள சிற்றூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரம். மற்றொன்று, இடுக்கி மாவட்டத்து மூணாறு, தேவிகுளம், பீருமேடு மலைப்பகுதி. முன்னதில் உழவும் கிணற்றுப் பாசனமும் மிகுதி. பின்னதில் தேயிலையும் ஏலமும் மிகுதி. இவ்விடத்துப் பிள்ளைகள் மின்தொழிலை முறையாகப் பயின்று முன்னேறும் வழி யாது என்பதே நம் பொருள்.

மின்சாரம் இம்மலைகளுக்குப் புதிதன்று. மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940-ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூர் அரசின் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1976-இல் இடுக்கித் திட்டம் தொடங்கப்பெற்றது. மூலமற்றத்தில் பாறையைக் குடைந்து அமைத்த நிலையத்திலுள்ள ஆறு எந்திரங்களின் ஆற்றல் 780 மெகாவாட். இத்தகைய மலையில் லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை, மின்சாரத்தின் நுட்பம் அறியாது, பிறருக்கு ஏணி பிடிக்கும் கையாளாகவே காலம் கழிப்பது தகுமோ?

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நம் இளைஞர் பலர் ஒரு மேஸ்திரியின் பின்னே கோயம்புத்தூருக்கோ கொச்சிக்கோ சென்றுவிடுகின்றனர். சுவரை வெட்டிக் குழாய் பதிக்கின்றனர்; கம்பி இழுக்கின்றனர். நான்கைந்து ஆண்டுகளில் கை பழகிவிடுகிறது. அந்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கற்றதற்குச் சான்று இல்லை. கூலியோ மேஸ்திரியின் மனத்தைப் பொறுத்தது. ஆலையிலோ அரசுப் பணியிலோ ‘சான்றிதழ் எங்கே?’ என்று கேட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாகிறது.

சான்றிதழைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. சிற்றூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மும்முனை மின்சாரத்தால் ஓடும் பம்பு மோட்டார் எரிந்துபோகிறது எனக் கொள்வோம். கை மட்டும் பழகியவர் புதிய கம்பி சுற்றித் தந்துவிடுவார். சில நாளில் அது மீண்டும் எரியும். காரணம் கற்றவரோ, மூன்று முனைகளில் ஒன்று அறுபட்டும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா என்று ஆராய்வார்; அவ்வேளையில் மோட்டாரைத் தானாக நிறுத்தும் காப்புக் கருவியைப் பொருத்துவார். எர்த் கம்பியின் செய்தியும் இத்தகையதே. பாறை நிலத்திலும் வறண்ட மண்ணிலும் மின்சாரம் எளிதில் இறங்காது. குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, ஈரம் காத்து, கருவியால் அளந்து பார்த்தாலன்றி அக்கம்பி உயிரைக் காவாது. ஏன் என்ற கேள்விக்கு விடை கற்பதே பயிற்சி.

இதற்கு வழி உண்டு. பத்தாம் வகுப்பில் தேறியோர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டாண்டு பயிலலாம். பாலக்காட்டு மாவட்டத்தில் மலம்புழையிலும், இடுக்கி மாவட்டத்தில் கட்டப்பனையிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. பின்னர், 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஓர் ஆலையிலோ மின்வாரியத்திலோ பழகுநராகச் சேரலாம். எழுத்து மூலமான ஒப்பந்தம், அதன் பதிவு, மாதந்தோறும் உதவித்தொகை ஆகியவற்றைச் சட்டமே விதித்துள்ளது. முடிவில் தேர்வில் வென்றோர்க்குத் தேசியச் சான்றிதழ் கிடைக்கும். இந்தியா முழுதும் செல்லும் இச்சான்று, எல்லையில் வாழ்வோர்க்கு மிகவும் பயனுடையது; வாளையாற்றுக்கு இப்பாலும் அப்பாலும் மதிப்பு ஒன்றே.

பெற்றோர் இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். பிள்ளை பதினெட்டு வயது நிரம்பாதவனாயின், ஒப்பந்தத்தில் காப்பாளர் ஒப்பமிட வேண்டும். படித்துப் பார்த்தே ஒப்பமிடுக. பயிற்சி முடிந்ததும் வேலை தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படாவிடில், வேலை தரும் கடமை முதலாளிக்கு இல்லை. ஆதலின் முன்னரே கேட்டறிதல் நலம்.

தமிழ்வழி படித்த பிள்ளைக்கு மலையாளத்தில் நடக்கும் பாடம் கடினமாகுமே என்று சிலர் அஞ்சுவர். சில மாதங்கள் இடர்ப்பாடு இருக்கலாம். ஆனால் சந்தையிலும் பேருந்திலும் இரு மொழியும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது தாண்ட முடியாத மலையன்று. இரு மொழியும் அறிந்த மின்தொழிலாளி, எல்லையின் இருபுறமும் வேலை பார்க்க வல்லவன். பெண்மக்களுக்கும் இக்கதவு திறந்தே உள்ளது.

மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் அன்பர்களே! ஊரிலிருந்து தம்பியோ மருமகனோ வேலை கேட்டு எழுதினால், உடனே வண்டியேறி வா என்று மறுமொழி எழுதாதீர்கள். மூன்றாண்டு பொறுத்துச் சான்றிதழோடு வா என்று எழுதுங்கள்; இயலுமாயின் அம்மூன்றாண்டுக்கு அவனுடைய புத்தகச் செலவையும் பேருந்துச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவ்வுதவி ஒரு குடும்பத்தையே கையாள் நிலையினின்று உயர்த்தும்.