ஈயக் கூரையும் இரவுக் காவலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற ஆண்டு நாம் இங்கிலாந்து சென்று வந்ததைப் பற்றி இவ்விழாவிற் பேசுதல் வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அந்நாட்டுக்குச் சென்று மீண்டோர் அரண்மனைகளைப் பற்றியும் தேம்ஸ் ஆற்றைப் பற்றியும் முன்னரே இம்மேடையிற் போதிய அளவு கூறிவிட்டனர். ஆதலின் நாம் ஒரு கூரையைப் பற்றிப் பேச எண்ணுகின்றோம். வேற்றூரிலே இதனைத் தொடங்கினால் அவையோர் எழுந்து சென்றுவிடுவர் என்னும் அச்சம் நமக்கு உண்டு. ஆயின், இரும்பு உருக்கும் ஜாம்ஷெட்பூரிலே வாழ்வோருக்கு ஓர் உலோகத் தகட்டின் கதை சலிப்புத் தாராது என்று நம்புகின்றோம்.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு உரிய தேவாலயங்கள் ஏறத்தாழ 16,000. அவற்றுள் 12,000-க்கு மேற்பட்டவை சட்டத்தின் காவலைப் பெற்ற பழங்கட்டடங்கள். அந்நாட்டில் முதல் தரத்தனவாகக் குறிக்கப்பெற்ற கட்டடங்களுள் நூற்றுக்கு 45 இத்தேவாலயங்களே. அரசர் வாழ்ந்த கோட்டைகளைக் காட்டிலும் உழவர் தொழுத ஊர்க் கோயில்களிலேயே அந்நாட்டின் பழமை மிகுதியாகத் தங்கியிருக்கின்றது. அவற்றுள் மிகப் பலவற்றின் கூரை ஈயத்தால் ஆனது.

ஈயம் என்று நாம் ஈண்டுக் கூறுவது காரீயத்தை. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் அன்று. டார்பிஷயர் மலைகளிலும் மெண்டிப் குன்றுகளிலும் உரோமர் காலந்தொட்டே இதனை அகழ்ந்து வந்தனர். 327 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே இஃது உருகிவிடும். எனவே பெரிய உலை வேண்டியதில்லை. கோயில் முற்றத்திலேயே உருக்கி, ஈர மணல் பரப்பிய மேசைமேல் ஊற்றித் தகடாக்கிவிடுவர். மெல்லிய மரத் தட்டியால் தட்டினாலே இது வளைந்து கொடுக்கும். மழையாலும் பனியாலும் துருப்பிடித்து உதிராது. ஆயினும் ஒரு குறை உண்டு. வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் இரவும் பகலும் சிறிது சிறிதாகச் சரிவின்வழியே கீழ்நோக்கி நகரும் இயல்பினது அது. அதனால் பெருந்தகடாக விரியாமல், சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, இடையிடையே உருண்டை மரச் சட்டங்களின்மேல் மடித்துப் பொருத்துவர். அவ்வாறு செவ்வனே வேய்ந்த கூரை நூறாண்டுக்கு மேலும் நிற்கும். பின்னர் அதே ஈயத்தை உருக்கி மீண்டும் வார்க்கலாம். பாட்டனார் காலத்து ஈயமே பேரன் தலைக்கு மேலும் கிடக்கும்.

இவ்வாறு கூரை வேய்ந்த தொழிலாளர்கள் ஒரு வேடிக்கை செய்துள்ளனர். தம் காலணியை அல்லது கையைத் தகட்டின்மேல் வைத்து, அதனைச் சுற்றிக் கோடு கிழித்து, உள்ளே பெயரின் முதலெழுத்துக்களையும் ஆண்டையும் பொறித்து வைத்தனர். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இத்தகைய தடங்கள் பல கூரைகளில் இன்றும் உள. ஏட்டில் இடம்பெறாத ஏழைத் தொழிலாளியின் கையொப்பம் அது. திருடன் உரிக்கும் தகட்டோடு இதுவும் போய்விடுகின்றது. புதிய தகட்டை வாங்கி வேயலாம். அந்தக் காலடியை யார் வாங்கித் தருவர்?

கூரையின் ஈயத்துக்கு வந்த இடர் புதியதன்று. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மன்னன் துறவி மடங்களைக் கலைத்தபோது, அவற்றின் கூரை ஈயத்தை உரித்து உருக்கி அரசுடைமை ஆக்கினான். அவ்வாறு உருக்கிய கட்டிகள் சில, யார்க்ஷயரிலுள்ள ரீவோ மடத்தில் சுவர் இடிந்து விழுந்தமையால் மண்ணுள் மறைந்து கிடந்தன. ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து அகழ்ந்தபோது, அரசு முத்திரையோடு அவை வெளிப்பட்டன. அந்த ஈயத்தையே யார்க் பெருங்கோயிலில் 'ஐந்து சகோதரியர்' எனப் பெயரிய பழஞ் சாளரத்தின் கண்ணாடிகளைப் பிணைக்கப் பயன்படுத்தினர். ஒரு கோயிலிலிருந்து பறித்தது இன்னொரு கோயிலுக்கே போய்ச் சேர்ந்த அரிய நிகழ்ச்சி இது. மன்னன் உரித்தமையால் அதற்குச் சட்டம் என்று பெயர் வைத்தனர் என்பதும் நோக்கத்தக்கது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2003-ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் ஒரு டன் ஈயத்தின் விலை 500 டாலரை ஒட்டி இருந்தது. 2007 அக்டோபரில் அது 3,500 டாலரைத் தாண்டியது. விலை ஏறியதும் திருடர் கண்கள் கூரைக்கு ஏறின. அத்திருச்சபையின் கோயில்களுள் மிகப் பலவற்றுக்குக் காப்புறுதி தரும் எக்ளிசியாஸ்டிகல் நிறுவனம் 1887-இல் தோன்றியது. அதன் வரலாற்றிலேயே உலோகத் திருட்டு மிகுந்த ஆண்டு 2011. அவ்வோர் ஆண்டில் மட்டும் 2,500-ஐ ஒட்டிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்தன.

நம் நாட்டிலும் கோபுரக் கலசங்களை, அவற்றுள் 'இரிடியம்' இருக்கின்றது என்னும் பொய்யுரையை நம்பிக் களவாடிய செய்திகளை நாளேடுகளிற் படித்திருக்கின்றோம். அங்கே திருடுவோன் ஏமாளி. இங்கிலாந்திலோ, தான் எடுப்பது எத்தனை கிலோ, அதற்கு என்ன விலை என்பதைத் திருடன் நன்கறிவான். தேவாலயத்துக்குப் போடும் தகடு சதுர மீட்டருக்கு 40 கிலோ அளவு இருக்கும். பழைய உலோகக் கடையில் கிலோவுக்கு ஒரு ஸ்டர்லிங் பவுனை ஒட்டிய விலை கிடைத்தாலும் ஒரு சதுர மீட்டரில் 40 பவுன். அதே ஒரு சதுர மீட்டரை மீண்டும் வேய்வதற்கோ சாரம், கூலி, ஈயம் எல்லாம் சேர்த்துப் பன்மடங்கு செலவாகும். மழை உள்ளே இறங்கிவிட்டாலோ கணக்கே வேறு.

பிற்கால ஈயக் கூரைகள் பெரும்பாலும் சரிவு குறைந்தவை. சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுந்திருக்கும். கீழிருந்து நோக்குவோருக்குக் கூரையே தெரியாது. அழகுக்காக எழுப்பிய அச்சுவர் இன்று திருடனுக்குத் திரையாகிவிட்டது. அவன் மேலே பதுங்கி உரிப்பதையும் எவரும் காணார். உரித்துச் சென்றதையும் எவரும் காணார். அடுத்த மழையில் பீடத்தின்மேல் நீர் சொட்டும்போதுதான் ஊருக்குச் செய்தி தெரியும்.

நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்துக்கு நண்பர் ஒருவர் நம்மை அழைத்துச் சென்றார். அம்மாவட்டத்திலும் அண்டை மாவட்டமான சஃபோக்கிலும் கூரையின் உத்தரங்களில் சிறகு விரித்த தேவதூதர்களை மரத்தால் செதுக்கி வைத்திருப்பது சிறப்பு. நம் ஊர்க் கோயில் தருமகர்த்தாவைப் போன்ற பொறுப்புடையவரை அங்கே 'சர்ச் வார்டன்' என்பர். அவ்வூரில் அப்பொறுப்பை வகித்தவர் எழுபதைக் கடந்த ஓர் அம்மையார். அவர் நம்மை அழைத்துச் சென்று, நிமிர்ந்து பார்க்கும்படி ஒரு தேவதூதரைக் காட்டினார். அதன் ஒரு சிறகு கறுத்து, நார் நாராகப் பிரிந்திருந்தது. "ஈயத்தை எடுத்தது ஒரே இரவு, நாங்கள் அறிந்தது பதினொன்றாம் நாள், இடையே நான்கு நாள் மழை" என்றார். ஐந்நூறு ஆண்டுகள் நனையாதிருந்த மரம் அது. காப்புறுதிப் பணம் வந்ததா என வினவினோம். ஈயத் திருட்டுக்கு உச்சவரம்பு உண்டு என்றும், கிடைத்த சில ஆயிரம் பவுன் சாரத்துக்கே சரியாகப் போயிற்று என்றும் கூறினார். எஞ்சியதை இனிப்புப் பண்டங்கள் விற்றும், பழைய புத்தகங்கள் விற்றும் மூன்று ஆண்டுகள் ஈட்டினராம்.

அதன் பிறகே அவர்கள் கூரையில் எச்சரிக்கைக் கருவி பொருத்தினர். அதன் இயக்கம் எளியது. கைப்பிடிச் சுவரின் உட்புறம் சிறு பெட்டிகள் சில. மனித உடலினின்று வெளிப்படும் வெப்பக் கதிரை அவை உணரும். உணர்ந்தவுடன், கம்பியில்லா முறையில், கீழே உள்ள தலைமைப் பெட்டிக்குச் செய்தி செல்லும். அங்கிருந்து தொலைவிலுள்ள கண்காணிப்பு நிலையத்துக்குச் செல்லும். அதே கணத்தில் கூரைமேல் பேரொலி எழும். விளக்கு விட்டு விட்டு எரியும். பதிவு செய்த குரல் ஒன்று, வந்திருப்பவனைக் கண்டுகொண்டதாகவும் காவலர்க்குச் செய்தி போய்விட்டதாகவும் முழங்கும். பழைய கட்டடத்தில் கம்பி இழுத்துத் துளையிட வேண்டாத வகையில் மின்கலத்தாலேயே இயங்குவது இதன் பெருஞ்சிறப்பு. ஆயினும் பழமை வாய்ந்த சுவரில் எதனைப் பொருத்தினும் திருச்சபை ஆட்சியரின் இசைவு பெறுதல் வேண்டும். அம்மையார் இரண்டு முறை படிவம் நிரப்பினாராம்.

இக்கருவி திருடனைப் பிடிப்பதற்கன்று என்பதை அவர் அழுத்திக் கூறினார். திருடனுக்கு வேண்டியது நேரம். ஈயம் கனமானது, ஒரு வண்டி நிறையத் தகட்டை உரித்துச் சுருட்டி இறக்குவதற்கு ஓர் இரவின் பெரும்பகுதி தேவை. அந்த நேரத்தை அவனுக்குத் தாராமையே கருவியின் தொழில். ஒலி கேட்டதும் அவன் ஓடிவிட்டால் போதும். ஊரார் எவரும் அவனை எதிர்த்து நிற்கக் கூடாது என்பதே காவல்துறையின் அறிவுரை.

கருவி ஒன்றையே நம்பியும் பயனில்லை. ஏணியைப் பூட்டி வைத்தல், சுவரை ஒட்டிய மரக்கிளையைக் கழித்தல், மழைநீர்க் குழாய்களின் மேற்பகுதியில் காயாத வழுக்குச் சாயம் பூசுதல், ஈயத்தின்மேல் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் அடையாள நீர்மம் தடவுதல் ஆகியவற்றையும் செய்கின்றனர். இவற்றோடு சட்டமும் துணை வந்தது. பழைய உலோகத்துக்குப் பணத்தாள் கொடுத்து வாங்குவதை 2012 டிசம்பரில் தடை செய்தனர்; 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, உலோக வணிகர்க்கு உரிமம் வேண்டும் என்னும் புதுச் சட்டத்தை 2013 அக்டோபரில் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். திருட்டு வெகுவாகக் குறைந்தது. எனினும் சில ஆண்டுகளில் வேறு வகைத் திருடர் வந்தனர். முன்னவர் ஓரிரு தகடு எடுத்தனர்; பின்னவர் கூட்டமாக வந்து கூரை முழுவதையும் எடுத்தனர். 2018-க்கும் 2020-க்கும் இடையே ஒரே கூட்டத்தார் 20 தேவாலயங்களை உரித்தனர். சேதம் 20 இலட்சம் பவுனுக்கு மேற்பட்டது. 2021-இல் லிங்கன் நகர நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்பியது.

இத்துணைத் தொல்லை எதற்கு, ஈயத்துக்கு மாற்றாகச் சாம்பல் நிறப் பூச்சுடைய துருவேறா எஃகுத் தகடு வேயலாமே என்போர் உளர். அதனைத் திருடினால் கிடைக்கும் விலை அற்பம். பழங்கட்டடக் காவலரும் திருட்டுக்குள்ளான கோயில்களுக்கு இதனை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டனர். எஃகு ஊரில் வாழும் நாம் எஃகுக்கு எதிராகப் பேசுதல் நன்றன்று! ஊரை விட்டு நெடுந்தொலைவில் வயல் நடுவே தனித்து நிற்கும் கோயிலுக்கு எஃகே தக்கது என்பது நம் கருத்தும் ஆகும். ஆனால் குரல் கேட்கும் தொலைவில் மக்கள் வாழும் இடத்தில், இன்னும் திருட்டுப் போகாத கூரையை அச்சத்தால் நாமே கழற்றுதல், திருடன் செய்ய இருந்த வேலையை அவனுக்காகச் செய்து கொடுப்பதாகும். அங்கே கருவியைப் பொருத்தி ஈயத்தைக் காப்பதே முறை.

குரல் கேட்கும் தொலைவு என்றோம். இடர் முழுவதும் அங்கேதான் இருக்கின்றது. கண்காணிப்பு நிலையத்தார் செய்தி கிடைத்ததும் ஊரில் எவரையேனும் தொலைபேசியில் எழுப்ப வேண்டும். கருவியின் அழைப்புக்குக் காவலர் வரவேண்டுமாயின், சாவி வைத்திருப்போர் இருவரேனும் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். அவர்கள் 20 நிமிடத்துள் கோயிலை அடையக்கூடியவராகவும் இருத்தல் வேண்டும். கருவி வாங்குவது எளிது. நள்ளிரவில் எழுந்து வரும் இருவரைத் தேடுவது அரிது. அவ்வூரில் ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோர் பன்னிருவர். அவருள் எண்மர் முதியோர். தொடக்கத்தில் புறாவும் காகமும் அமர்ந்தாலும் கருவி அலறியதாம். ஒரே கிழமையில் மூன்று இரவு அம்மையார் கைவிளக்கோடு ஓடி வந்தார். நான்காம் முறை தொலைபேசி ஒலித்தபோது, புறாவாகத்தான் இருக்கும் என்று போர்வையை இழுத்துக்கொள்ள எண்ணினாராம். எழுந்து சாளரத்தைத் திறந்தபோது, கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் விளக்கில்லாத வண்டி ஒன்று புறப்பட்டுப் போவதைக் கண்டார். மறுநாள் கூரையில் ஒரு தகட்டின் ஓரம் மட்டும் நெம்பி விடப்பட்டிருந்தது.

அந்நாட்டில் 1940 ஜூன் மாதத்தில் தேவாலய மணிகளை அடிக்கக் கூடாது என ஆணையிட்டனர். பகைவர் படை வந்திறங்கினால் மட்டுமே அவை ஒலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மணியோசை கேட்டால் எழுவதற்கு அன்று ஊர் நிறைய ஆட்கள் இருந்தனர். இன்று அதே கோபுரத்தின் கீழே, அங்கிகள் தொங்கும் சிறு அறையில், தலைமைப் பெட்டிக்கு அருகே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. சாவி வைத்திருப்போரின் பட்டியல் அது. ஐந்து பெயர்கள். இருவர் இறந்துவிட்டமையால் கோடு கிழிக்கப்பட்டிருந்தது. ஒருவர் மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நான்காவது பெயர் அம்மையாருடையது. ஐந்தாவது பெயர் புதிய மையில் எழுதப்பட்டிருந்தது. அஃது எதிரிலுள்ள மதுக்கடைக்காரருடையதாம். கடையை அடைக்க நள்ளிரவு ஆகுமாதலால் அவர்தாம் விழித்திருப்பவராம். வழிபாட்டுக்கும் அவர் வருவதுண்டோ என்று கேட்டோம்.

"இதுவரை உள்ளே வந்ததில்லை, கூரைக்கு மட்டும் இரண்டு முறை வந்திருக்கிறார்" என்றார் அம்மையார்.